குடம் புகுந்த கருப்பண்ணன்

கிழக்கே கொல்லிமலை நீலச் சுவராய் நீண்டு கிடக்க, வடக்கே போதமலை தன் முதுகைக் காட்டிப் படுத்திருக்க, அவ்விரண்டின் காலடியிலிருந்து மேற்கு நோக்கிப் பரந்த இராசிபுரத்துச் செம்மண் வெளியிலே, மாசித் திங்களின் உச்சிவேளை வந்து நின்றது. ஆளுயர மரவள்ளிச் செடிகள் தம் விரல் விரிந்த இலைகளைச் சோரவிட்டு நின்றன. சவ்வரிசி ஆலைகளின் உலர்களங்களில் பரப்பிய வெண்மணிகள் பார்த்த கண்ணைப் பறிக்கும்படி ஒளிர்ந்தன. கோழிப்பண்ணைகளின் தகரக் கூரைகள் கானலில் அசைந்து, நிலத்தைவிட்டு ஒரு முழம் மேலே மிதப்பனபோல் மயக்கின. தொலைவில் நெடுஞ்சாலையில் ஓடும் சரக்குந்துகளின் இரைச்சல், உறங்குகின்றவனின் குறட்டையைப்போல ஏறியும் இறங்கியும் கேட்டுக்கொண்டிருந்தது. காக்கையும் கரையாத அவ்வேளையில், ஊஞ்சக்காட்டுப்புதூர் என்னும் சிற்றூரின் மக்கள் மட்டும், உண்ட சோற்றின் கையீரம் உலருமுன்னே, ஊர்க்கோடியிலுள்ள கருப்பண்ணன் கோயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். அங்கே அன்று ஒருவன் கடவுள்முன் ஆணையிடப் போகிறான் என்னும் செய்தியே அவ்வெயிலிலும் அவர்களை வெளியே இழுத்த கயிறு.

ஆணையிடும்படி கேட்டவன் சென்னிமலை. எழுபதைக் கடந்த உழவன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கே பள்ளி கண்டவன். எவரையும் எளிதில் நம்பாதவன். கிழங்கை ஆலைக்குக் கொண்டுபோனால், எடைமேடையின் நான்கு மூலைக்கும் அடியில் குனிந்து பார்த்த பின்னரே வண்டியை அதன்மேல் ஏற்றுவான். ஒரு மருத்துவர் கொடுத்த மருந்தை இன்னொரு மருத்துவரிடம் காட்டி, பின்பு இருவரையும் நம்பாமல் அதைப் பரணில் போட்டுவைப்பான். செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவிலே பருப்பு வாங்கினால், மூட்டையின் வாயிலிருந்து அள்ளவிடாமல், "அடியிலிருந்து எடு" என்பான். வெளியூரிலிருந்து மகன் கைப்பேசியில் அழைத்துப் பேசினாலும், பேசி முடித்தபின், "அது அவங்கொரல்தான்னு எவங் கண்டான்?" என்று மனைவியைக் கேட்பான். இவ்வாறு உலகத்தார் எவருக்கும் முதுகைக் காட்டாமல் நடந்து பழகிய அவன், கருப்பண்ணன் ஒருவன்மீது மட்டும் தன் முழுப் பாரத்தையும் சாய்த்திருந்தான். ஐயப்படுவதற்கு இடமே இல்லாத ஒருவன் அங்கே கல்லாய் நின்று காண்கிறான் என்னும் துணிவினாலேதான், மற்றவர் எல்லோரையும் அவனால் அத்தனை அமைதியாக ஐயுற முடிந்தது.

வழக்கு ஒரு வண்டித்தடத்தைப் பற்றியது. சென்னிமலையின் மேட்டுக்காட்டிலிருந்து சாலைக்கு வர வேண்டுமாயின், அவன் சிற்றப்பன் மகனும் பங்காளியுமான குணசீலனின் காட்டு வரப்பை ஒட்டித்தான் வந்தாக வேண்டும். வேறு வழி இல்லை. காட்டைப் பிரித்த நாளிலே, "என்ற அண்ணன் மக்களுக்கு இந்தத் தடம் என்னைக்கும் உண்டு" என்று குணசீலனின் தந்தை வரப்பில் நின்று வாய்திறந்து சொன்னார். எழுத்தில் ஒன்றும் எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எழுதுவதை அக்காலத்தில் இழுக்கு என்று கருதினார்கள். அன்று அங்கு நின்றவர்களில் பெரியவர்கள் எல்லோரும் மண்ணோடு மண்ணாயினர். எஞ்சியிருப்பவர் இருவரே: மீசை அரும்பிய இளைஞனாய்ப் பக்கத்தில் நின்ற சென்னிமலை ஒருவன், தந்தையின் வேட்டி முனையைப் பற்றிக்கொண்டு மூக்கொழுகி நின்ற குணசீலன் மற்றொருவன்.

அந்தக் குணசீலன் இப்போது ஊருக்குப் பெரிய ஆள். கோழிப்பண்ணை வைத்துத் தழைத்தவன். கோயில் திருப்பணிக்கும் அவனே தலைவன். இன்னொரு கொட்டகை எழுப்ப இடம் பற்றாமல், தடத்தின் குறுக்கே கல்தூண்களை நட்டுக் கம்பியும் இழுத்துவிட்டான். மேட்டுக்காட்டிலோ கிழங்கு முற்றிப் பிடுங்கும் பருவத்தில் நின்றது. கோடைமழை ஒன்று விழுந்தால் செடி மறுபடி துளிர்க்கும். துளிர்த்தால் கிழங்கிலுள்ள மாவு குன்றும். மாவு குன்றினால் ஆலைக்காரன் கையை விரிப்பான். ஓராண்டு உழைப்பு மண்ணுக்குள்ளேயே நாராய்ப் போகும். அடுத்த ஆண்டும் அவ்வாறே. பின்பு அக்காடு காடாக இருந்தும் பயனில்லை. வழக்குமன்றம் ஏறலாம் என்றனர் சிலர். "அங்க போனா என்ற பேரனோட பேரன் தீர்ப்பு வாங்குவான்" என்று சொல்லி, சென்னிமலை ஊரவையில் எழுந்து நின்றான்.

"எனக்கு வக்கீலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்பிடியொரு வாக்க எங்கப்பன் குடுக்கவே இல்லைன்னு, குணசீலனே கருப்பணன் முன்னால சூடத்த அடிச்சுச் சொல்லிப்போடட்டும். நான் அந்தத் தடத்தத் திரும்பியும் பாக்கமாட்டேன்."

குணசீலன் சிறிதுநேரம் தரையைப் பார்த்தான். பின்பு, "சரிங்கண்ணா. செவ்வாக்கெழம உச்சிக்கு வெச்சுக்கலாமுங்க" என்றான். அவன் நாள் குறித்ததையும், அந்நாளையே குறித்ததையும் அப்போது ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் குனிந்து பார்க்கும் சென்னிமலையும் எண்ணவில்லை.

அந்தச் செவ்வாய்தான், கற்றறிந்த பெரியீர், இக்கதையின் முதலில் நாம் கண்ட உச்சிவேளை. திருப்பணிக்காகக் கோயிலின் முன்மண்டபத்து ஓடுகளை மட்டும் முன்கூட்டியே பிரித்துப் போட்டிருந்தார்கள். சாரம் கட்டிய மூங்கில்களின் நிழல் கட்டம் கட்டமாகக் கருங்கல் தளத்தில் விழுந்திருந்தது. உள்ளே, எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளக்கும் ஆளுயரக் கல்லாய், அருவாள் சார்த்தி நின்றான் கருப்பண்ணன். ஈரவேட்டியோடு வந்தான் குணசீலன். பண்டாரம் அத்தப்பன், தலைமுறை தலைமுறையாக அக்கோயிலுக்கு விளக்கிடும் குடியில் வந்தவன், தட்டில் சூடத்தை ஏற்றிக் கல்லின் முன் வைத்தான். அவன் முகம் ஏனோ வேறு பக்கம் திரும்பியிருந்தது. குணசீலன் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லி, விரிந்த உள்ளங்கையால் நெருப்பை ஓங்கி அடித்தான். நெருப்பு அணைந்தது. அவன் கை நடுங்கவில்லை, நாக்குக் குழறவில்லை, இமைகூடக் கூடுதலாய் ஒருமுறை அடித்துக்கொள்ளவில்லை. கூட்டம் பெருமூச்சு விட்டுக் கலைந்தது. மண்டபத்தில் சென்னிமலை மட்டும் அணைந்த சூடத்தின் கரியைப் பார்த்தபடி நின்றான்.

அன்று முதல் அவனைப் பிடித்த நோய்க்கு மருந்து எந்தப் பரணிலும் இல்லை. பொய்யாணை இட்டவன் நன்றாய் உண்டு, நன்றாய் உறங்கி, தடத்தின் குறுக்கே கொட்டகைக்குக் கடைகால் தோண்டினான். கருப்பண்ணன் கண்டும் காணாதிருக்க மாட்டான். ஆகையால் குணசீலன் சொன்னதே வாய்மையாக இருக்க வேண்டும். அப்படியாயின் வரப்பில் நின்று சிற்றப்பன் சொன்னதாகத் தன் நெஞ்சில் பதிந்திருப்பது என்ன? கனவா? தானே தனக்குச் சொல்லிக்கொண்ட பொய்யா? பிறரை ஐயுறுவது அவனுக்குக் கைவந்த தொழில். தன்னையே ஐயுறுவது புதிது. சோற்றைப் பிசைந்தபடி, "ஏ அங்கம்மா, எங்கப்பன் பேரு முத்துதானே?" என்று மனைவியைக் கேட்டான். அவள் அஞ்சிப்போய், "ஏனுங்க, உங்களுக்கு என்னாச்சுங்க?" என்று சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். கடவுளின்மேல் வைத்த நம்பிக்கையைக் காக்க, அவன் தன் கண்ணையும் காதையும் இறந்துபோன சிற்றப்பனின் நாவையும் ஒவ்வொன்றாய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். பேதைமைதான். ஆனால் நம்பியவன் வேறு என்ன செய்வான்?

கணவனின் உள்ளம் தெளிய வேண்டுமென்று அங்கம்மாள் அரளிமாலை கட்டி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். போனவள் போன விரைவிலேயே மாலையோடு திரும்பினாள்.

"மாலைய வாங்கலீங்க அந்தப் பண்டாரம்."

"ஏன்? நம்ம மாலைக்கு என்ன கேடு?"

"கல்லுக்கு வேண்டாமாத்தா, இந்தச் சொம்புக்குப் போட்டுருங்கன்னு சொல்றானுங்க. சாமிய எறக்கியாச்சாமா. கும்பாபிசேகம் வரைக்கும் கல்லு வெறுங்கல்லுதானாமா."

"அதுக்குத்தான் வெள்ளிக்கெழமைன்னு நாள் பாத்துத் தண்டோரா போட்டாங்களே. இன்னைக்கு வியாழன்தானே?"

"நானும் அதையேதானுங்க கேட்டேன். வாய்தவறிச் சொல்லிப்போட்டான். செவ்வாக்கெழம விடியக்காலமே எறக்கியாச்சாம்."

இதன் பொருளை அறியாதார்க்குச் சொல்லிவிடுவோம். கோயிலைப் புதுக்கும்போது, உளியும் சம்மட்டியும் ஒலிக்கும் இடத்தில் இறைவன் இருத்தல் ஆகாது என்று, மறைமொழி சொல்லி அவனைக் கல்லினின்று எழுப்பி, நூல் சுற்றி மாவிலையும் தேங்காயும் வைத்த நீர்க்குடத்தில் அமர்த்தி, ஓர் ஓலைக்கீற்றுப் பந்தலில் வைத்து வழிபடுவர். அதனை இளங்கோயில் என்பர். குடமுழுக்கு நாளிலே அந்நீரை ஊற்றி மீண்டும் கல்லுக்குள் குடியேற்றுவர். இடைப்பட்ட நாளில் கல் வெறுங்கல். ஊர் முழுதும் இதை அறியும். அறியாதது, அந்த எழுப்புதல் ஆணைக்கு முன்னரே, ஆள் அரவமற்ற விடியலில் நடந்து முடிந்தது என்பதே.

சென்னிமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பண்டாரம் கீற்றுப்பந்தலின் நிழலில் குந்தியிருந்து விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தான். இவன் நடையைப் பார்த்ததுமே திரி கையிலிருந்து நழுவியது.

"அத்தப்பா, ஆரு சொல்லி எறக்குனே?"

"தலைவருதானுங்க. செவ்வா விடியக்காலம் நல்ல ஓரைன்னு சோசியரு சொன்னாருன்னு சொன்னாருங்க. வெளிய சொல்ல வேண்டாம், சொம்பப் பந்தலுக்குள்ள மறைச்சு வெய்யி, வெள்ளிக்கெழம ஊரக் கூட்டி மறுக்கா ஒருக்காச் செஞ்சுக்கலாம்னாருங்க."

"உச்சிக்கு அந்தக் கல்லு முன்னால சூடம் வெச்சது ஆரு?"

"நானுங்க."

"வெறுங்கல்லுன்னு தெரிஞ்சே வெச்சே."

"என்னைய வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். நான் என்னங்க பண்றது? எங்க வெக்கச் சொல்றாங்களோ அங்கதானுங்க நானும் வெக்கோணும், சாமியும் இருக்கோணும்."

இதைக் கேட்டுச் சென்னிமலை பண்டாரத்தை விட்டுவிட்டுக் குடத்தின் பக்கம் திரும்பினான். பெற்ற பிள்ளையிடம் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில், "அவன் வான்னதும் எந்திரிச்சுப் போயிட்டியா? ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணலியா உனக்கு?" என்றான். குடம் குடமாகவே இருந்தது. பண்டாரம் திரியைத் தேடுபவன்போல் குனிந்துகொண்டான்.

அன்று பொழுது சாயுமுன் ஊரவை கோயில் முற்றத்தில் கூடியது. ஊர்ப்பெரியவர் செங்கோடன் நடுவில் அமர்ந்தார். செய்தி வெளிப்பட்டதும், நாணி நிற்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்த குணசீலன், நாணாது எழுந்தான். கோழித்தீவன வணிகரோடு நாள்தோறும் வாதிட்டுப் பழகிய நாக்கு அவனுடையது.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். கருப்பணன் எல்லா எடத்துலயும் இருக்கறவன்னா, அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டுத்தான் இருப்பான். பொய்யுன்னா என்ற கைய மொடக்கியிருக்கோணும், மொடக்கல. இல்ல, சொம்புக்குள்ள மட்டும் இருக்கறவன்னா, கல்லு முன்னால சொல்லுன்னு கேட்டது அண்ணன்தானுங்களே? அண்ணன் கேட்ட எடத்துல, கேட்டதச் சொன்னேன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

அவை திகைத்தது. இரண்டு கதவையும் அவன் தாழிட்டுவிட்டான். அப்போது, கூட்டத்தின் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அத்தைமுறைக் கிழவி காளியாத்தாள் வெற்றிலையைக் கொடுப்பில் ஒதுக்கினாள்.

"டேய் குணசீலா, இதென்ன முட்டைக்கு வெல பேசறதுன்னு நெனச்சியா? சாமின்னாப் பயம்டா. பயந்தா இருக்குது. பயப்படலீன்னா இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப என்னைய நாய் தொரத்துதுங்களே, அதும் சாமிதானுங்களா அத்தை?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரிப்பு எழுந்தது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றி, மண்தூசியால் நுரையீரல் கெட்டு ஊர் திரும்பிய குமரன் இருமிக்கொண்டே சொன்னான்: "நான் எத்தனையோ ஊருல தொளை போட்டிருக்கறனுங்க. தேங்காய உருட்டி, இங்க தண்ணி இருக்குதுன்னு சொல்லுவாங்க. பாதி எடத்துல மண்ணுப் பொகைதான் வரும். சாமியும் அப்பிடித்தானுங்க. தோண்டற வரைக்கும் இருக்குது. பேசாம விட்டுருங்க, தோண்டாதீங்க."

"சாமிங்கறது கூப்புட்டா வர்றது, அனுப்புனா போறதுங்க" என்றான் பண்டாரம், தன் தொழிலுக்கு வந்த இழுக்கைத் துடைப்பவன்போல.

"அதுக்கு என்ற ஊட்டு நாயே மேலு. போன்னு சொன்னாலும் போவாது" என்றான் சென்னிமலை.

நாமக்கல்லில் கல்லூரி ஆசிரியையாய் இருக்கும் தனப்பிரியா, குணசீலனின் மருமகள், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றவள், பொறுக்கமாட்டாமல் செங்கோடனிடம் வாய்திறந்தாள். "பெரியமாமா, எல்லாரும் சாமி என்ன செய்யும், எங்க இருக்கும்னுதான் சொல்றீங்க. சாமின்னா என்னன்னு ஒருத்தருமே சொல்லலீங்களே? அதே தெரியாம, எது முன்னால சொன்னது செல்லும், எது செல்லாதுன்னு எப்படிங்க தீர்ப்புச் சொல்லுவீங்க?"

"உனக்கெதுக்கு சாமி இந்தப் பேச்செல்லாம்? புள்ளையப் பாரு" என்றான் குணசீலன்.

"இதா பாருங்க, இங்கயும் ஒரு சாமி நிக்குது! சொம்புலயும் இல்ல, கல்லுலயும் இல்ல" என்றாள் காளியாத்தாள். மறுபடியும் சிரிப்பு எழுந்து, இம்முறை எழுந்த விரைவிலேயே அடங்கியது. இந்த மண்ணில் கிழவனும் சாமி, குழந்தையும் சாமி, மருமகளும் சாமி, கல்லும் சாமி, குடமும் சாமி. எல்லாப் பொருளையும் கொள்ளும் சொல்லாய் அதைத் தலைமுறை தலைமுறையாய்ப் புழங்கிவிட்டு, இன்று ஒரு வழக்கைத் தீர்க்க அதன் எல்லை எதுவென்று தேடினால், வரப்பே இல்லாத காட்டுக்கு எங்கே கல் நடுவது?

சென்னிமலை எழுந்தான். "எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லீர்றேன். ஒருத்தரும் பாக்காத எடத்துலயும் பாக்கறவன் ஒருத்தன் இருக்கறான்னு நெனச்சேன். அவனத்தான் கருப்பணன்னு கூப்புட்டேன். வேற அவங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. மழை கேட்டதில்ல, மருந்து கேட்டதில்ல. பாருன்னுதான் கேட்டேன். பாக்க வேண்டிய அன்னைக்கு எடத்துல இல்ல. பாக்காதவனுக்கு எதுக்குங்க அந்தப் பேரு?"

செங்கோடன் தொண்டையைச் செருமினார்.

"சாமின்னா என்னன்னு தீர்மானிக்க நமக்கு ஆயுசு பத்தாது. தடத்துக்கு வழி சொல்றேன், கேளுங்க. சாமி இப்ப சொம்புல இருக்குதுங்கறதுல ஆருக்கும் மாத்துப் பேச்சு இல்லையே? சென்னிமலை, நீ அந்தச் சொம்பு மேல கைய வெச்சு, உன்ற சித்தப்பன் தடம் குடுத்தது மெய்யின்னு சொல்லு. சொன்னீன்னா தடம் உன்னுது. ஊரு கூட நிக்கும்."

நேரிய தீர்ப்புத்தான். இனி ஒரு சொல், அவ்வளவே. கிழங்கு சாலைக்கு வரும். மேட்டுக்காடு மேட்டுக்காடாய் நிற்கும். சென்னிமலை கால் கழுவிக் கீற்றுப்பந்தலுக்குள் நுழைந்தான். மஞ்சள் நூல் சுற்றிய குடத்தின்மேல் மாவிலைகள் வாடியிருந்தன. தேங்காயின் கண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எறும்பு வழிதெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் வலக்கையை நீட்டினான். அப்போதுதான் அறிந்தான், தன் உடம்பு அச்சப்படவில்லை என்பதை. முன்பெல்லாம் கல்லின் எதிரே நிற்கையில் பிடரியில் ஒரு சிலிர்ப்பு ஏறும்; பின்னால் ஒருவன் வந்து நிற்பதுபோல் இருக்கும். அது இல்லை. எதிரே இருந்தது தண்ணீர், பித்தளை, நூல். சொல்லப்போவது வாய்மையே, ஆயினும் கேட்பதற்கு அங்கு எவருமில்லை என்று தோன்றிய பின், வாய்மையைச் சொல்வதற்கும், வெறுங்கல்லின் முன் பொய்யைச் சொன்னதற்கும் என்ன வேற்றுமை? நீட்டிய கை நீட்டியபடி காற்றில் நின்றது.

அந்நேரம், வெளியே ஓர் ஓலம் எழுந்தது. குணசீலன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான். வந்தவன் சென்னிமலையின் கால்களைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தான்.

"அண்ணா! வேண்டாங்ண்ணா! அதும் மேல கை வெச்சுப் போடாதீங்க!"

"ஏன்டா?"

"இன்னைக்கு வரைக்கும் அவங்காதுல விழலீங்ண்ணா. நீங்க சொல்லிப்போட்டீங்கன்னா விழுந்துரும். எனக்குப் பேரப்புள்ள இருக்குதுங்ண்ணா… தடத்த எடுத்துக்கங்க. அப்பன் குடுத்துதானுங்க. நானும் நின்னேன், என்ற காதுல கேட்டேன். இனியொருக்கா அவனக் கூப்புட்டுச் சொல்ல வேண்டாமுங்ண்ணா!"

நெற்றி தரையில் மோதும் ஒலி பந்தலுக்கு வெளியிலும் கேட்டது. தனப்பிரியா குழந்தையின் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மாமனாரை முதன்முறை பார்ப்பவள்போலப் பார்த்து நின்றாள். சற்றுமுன் இறைவனை இரண்டு கதவுகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிய நாக்கு, இப்போது அவன் காதில் விழக்கூடாதென்று மன்றாடியது. ஊரார் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். "பாத்தீங்களா, கருப்பணன் இருக்கறான்! கைய வெக்கறதுக்குள்ளயே இழுத்தாந்து போட்டான் பாருங்க!" என்று காளியாத்தாள் குலவையிட்டாள். பண்டாரம் நிமிர்ந்து நின்று மணியை அடித்தான்.

சென்னிமலை நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டான். கூட்டம் கலைந்த பின்பு, அழுது வீங்கிய முகத்தோடு பந்தற்காலில் சாய்ந்திருந்த பங்காளியின் அருகில் உட்கார்ந்து, சினமும் இல்லாமல் பரிவும் இல்லாமல் கேட்டான்:

"இத்தன பயம் இருக்கறவன், எதுக்குடா பொய் சொன்னே?"

"பயம் இருந்ததாலதானுங்ண்ணா அவனச் சொம்புக்கு மாத்துனேன்" என்றான் குணசீலன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பயம் இல்லாதவன்னா, அவன் கல்லுல இருக்கயிலயே சொல்லியிருப்பானுங்க."

இறைவன் என்பவன் யார் என்று அன்று அவையில் கேட்ட கேள்விக்கு, ஐயமற விடை வைத்திருந்தவன் பொய்யன் ஒருவனே. எவன் கண்ணில் படாமல் இப்பொய்யைச் சொல்ல வேண்டுமோ அவனே கடவுள். எவன் காதுக்கு எட்டாமல் இவ்வழக்கு முடிய வேண்டுமோ அவனே கருப்பண்ணன். அவ்வளவு துல்லியமாய் அவன் அறிந்திருந்தான். அறிந்ததனாலேயே விடியலில் எழுந்து, பண்டாரத்தை எழுப்பி, கருப்பண்ணனை இடம்மாற்றினான். வாய்மையாளனோ, கை நீட்டும் வேளையில், குடத்திலே நீரைத் தவிர வேறொன்றையும் காணவில்லை. கருப்பண்ணனைத் தன்னிடமிருந்து பறித்தவனிடமே கருப்பண்ணன் முழுதாய் இருக்கிறான் என்பதை அன்று அவன் கண்டுகொண்டான்; பங்காளி தடத்தை மறித்தபோது நோகாத இடம் ஒன்று, தடம் திரும்பியபோது நொந்தது.

கல்தூண்களைப் பிடுங்கினர். கிழங்கு முறையாய்ச் சாலைக்கு வந்து ஆலைக்குப் போயிற்று. குடமுழுக்கு நாளும் வந்தது. புதுவண்ணம் பூசிய மண்டபத்தில் குடத்துநீரை ஊற்றிக் கல்லுக்குள் இறைவனைக் குடியேற்றியபோது, குணசீலன் கை கூப்பிக் கண்ணீர் ஒழுகத் தன்னை மறந்து நின்றான். அவன் மெய்யாகவே அழுதான், அதில் ஐயுறுவதற்கு ஒன்றுமில்லை. நீரை விசைக்குழாயால் கூட்டத்தின்மேல் தெளித்தார்கள். ஊரெல்லாம் முகத்தை ஏந்தி அதை வாங்கிக்கொண்டது. சென்னிமலையின் மீதும் அது விழுந்தது. வியர்வையைத் துடைப்பதுபோல் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"ஒரு கும்புடு போடுங்க" என்று அங்கம்மாள் முழங்கையால் இடித்தாள். அவள் உள்ளம் நோகக்கூடாதென்று அவன் இரு கையையும் குவித்தான். குவித்த கைகளுக்கு நடுவே தன் உள்ளங்கையின் வெதுவெதுப்பு இருந்தது, வேறெதுவும் இல்லை. பின்பு கூட்டத்தினின்று விலகி, மேட்டுக்காட்டுக்குப் போகும் தடத்தில் நடந்தான். இருபுறமும் அவனை மறிப்பவர் எவருமில்லை. மறிக்கவும் இனி எவரும் துணியார். ஆயினும் பாதித் தொலைவில் நின்று, வழக்கமாய்த் தன் பின்னால் வரும் காலடியைத் தேடுபவன்போல ஒருமுறை திரும்பிப் பார்த்தான். சுற்றிலும் அறுவடை முடிந்த செம்மண், வெயில் காய்ந்து கிடந்தது. வாய்மை வென்றது என்று ஊர் சொல்லிக்கொண்டது, அதுவும் பொய்யன்று. தடம் அவனுக்குக் கிடைத்தது, வழித்துணை போயிற்று.